ஒளிரும் மேடை வாள்: முதல் வாளுக்கு என்னென்ன எலெக்ட்ரோனிக் சாமான் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை நாடகம், தமிழ்த்தினப் போட்டி, கோயில் முன்றிலில் ஆடும் கூத்து, சின்னப்பிள்ளையின் விநோத உடை என்று எதற்காகவோ முதன்முதலாக ஒரு ஒளிரும் வாள் செய்ய இறங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பக்கம். மட்டை வெட்டுவது, வர்ணம் பூசுவது பற்றி இங்கே அதிகம் இல்லை. உள்ளே போகும் மின் சாமான்களைத் தெரிவது பற்றியே எழுதியிருக்கிறோம். பெரும்பாலானோர் முதலில் லைற்றை வாங்கிவிட்டு, பிறகு அதற்குப் பற்றரி தேடி அலைகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வாள் எத்தனை அம்பியர் இழுக்கும் என்பதை முதலில் தாளில் கணக்குப் பாருங்கள். எந்தப் பற்றரி, எந்தச் சுவிச், எவ்வளவு தடித்த வயர் என்ற மூன்றுக்கும் அந்த ஒரு எண்ணிலேயே பதில் இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

வாளின் அலகு எத்தனை சென்ரிமீற்றர், பிடிக்குள் எவ்வளவு இடம், ஒரே தடவையில் எத்தனை நிமிடம் எரியவேண்டும், வாளோடு வாள் மோதுமா இல்லையா. இந்த நான்குக்கும் பதில் எழுதாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

இவற்றில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது பிடிக்குள் இருக்கும் இடம். 18650 என்ற லித்தியம் பற்றரியின் விட்டம் 18 மிமீ, நீளம் 65 மிமீ. அதன் கூட்டோடு சேர்த்தால் ஏறத்தாழ 77 மிமீ. ஒளியை ஆட்டுவிக்கும் புரோகிராம் ஓடும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு பலகை 45 மிமீ, பற்றரியை நிரப்பும் சார்ஜ் பலகை 28 மிமீ, பற்றரியின் வோல்ற்றை 5க்கு உயர்த்தும் பலகை 36 மிமீ. வரிசையாக வைத்தால் 186 மிமீ வந்துவிடும். சுவிச்சும் வயர் வளைவும் சேர 25 சென்ரிமீற்றர் பிடி வேண்டும், உள்விட்டம் 25 மிமீக்குக் குறையக் கூடாது. தாளில் முழு அளவில் கீறி, சாமான்களின் அளவுக்குக் கடதாசி வெட்டி அடுக்கிப் பாருங்கள். அடங்காவிட்டால் பிடியைப் பெருப்பியுங்கள், அல்லது ஆர்டுயினோவை விட்டுவிடுங்கள்.

எந்த வகை லைற் நல்லது?

முதல் வாளுக்கு எங்கள் தெரிவு 5 வோல்ற் ஒற்றை நிற எல்ஈடி பட்டி. ரிவிக்குப் பின்னால் ஒட்டுவதற்கென்று யூஎஸ்பி முனையோடு விற்கிறார்களே, அதுதான். எல்ஈடிக்குள் ஓட்டம் மிஞ்சாமல் தடுக்கும் தடையி பட்டியிலேயே இருக்கும். புரோகிராம் எழுதத் தேவையில்லை. வீடியோவில் மினுங்காது. இந்தக் கடைசி விடயத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நிறம் மாற்றும் பட்டிகள் ஒளியைக் குறைப்பது நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரிவதால்தான். கண்ணுக்கு அது தெரியாது, கமராவில் கறுப்புக் கோடுகளாக விழும். நாடகத்தை வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒற்றை நிறப் பட்டியே நிம்மதி.

அதிலும் சிஓபி எனப்படும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். எல்ஈடிகள் மிக நெருக்கமாக இருந்து மேலே மஞ்சள் நிறப் பூச்சு மூடியிருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாக எரியும்.

12 வோல்ற் பட்டி கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் மூன்று எல்ஈடிகள் தொடராக இருப்பதால் மூன்று மூன்றாகத்தான் வெட்டலாம். மீற்றருக்கு 60 எல்ஈடி உள்ள பட்டியில் அது 5 சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு. வாளுக்குள் 12 வோல்ற் வேண்டுமென்றால் மூன்று லித்தியம் கலங்களைத் தொடராக வைத்து, அவற்றுக்கென்றே சமநிலைப்படுத்தும் பாதுகாப்புப் பலகையும் போடவேண்டும். முதல் வாளுக்கு அது சுமை.

நிறம் மாற்றி, பிடியிலிருந்து நுனி வரை ஒளி ஏறுவதுபோல் காட்டவேண்டுமென்றால் டபிள்யூஎஸ்2812பி பட்டி வேண்டும். ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளும் சிறு சிப் இருக்கும். அழகுதான், ஆனால் ஆர்டுயினோ போன்ற ஒன்று கட்டாயம் தேவை.

பிடிக்குள் ஒரேயொரு 3 வாற் எல்ஈடியை வைத்து மேலே வெற்றுக் குழாயை ஒளிரச் செய்வது இன்னொரு முறை. வாளோடு வாள் மோதுவதற்கு இதுவே உறுதி, ஏனென்றால் குழாய்க்குள் உடைய எதுவும் இல்லை. ஆனால் 700 மில்லி அம்பியரில் எரியும் அந்த எல்ஈடிக்கு அலுமினியத் துண்டு ஒன்றை வெப்பம் கடத்த ஒட்டவேண்டும், ஓட்டத்தை மாறாமல் வைக்கும் டிரைவரும் வேண்டும். அலகின் நுனி அடியைவிட மங்கலாகவே தெரியும்.

எத்தனை அம்பியர் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஒற்றை நிறப் பட்டியானால் பைக்கற்றில் மீற்றருக்கு எத்தனை வாற் என்று போட்டிருக்கும். அதை உங்கள் பட்டியின் நீளத்தால் பெருக்கி, வோல்ற்றால் வகுங்கள். மீற்றருக்கு 6 வாற், பட்டி 75 சென்ரிமீற்றர் என்றால் 4.5 வாற். அதை 5 வோல்ற்றால் வகுத்தால் 0.9 அம்பியர்.

டபிள்யூஎஸ்2812பி பட்டியில் ஒவ்வொரு எல்ஈடிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உண்டு. ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 20 மில்லி அம்பியர், வெள்ளையில் மூன்றும் சேர்ந்து 60. இப்போது ஒரு வாளைப் பார்ப்போம். அலகு 75 சென்ரிமீற்றர், மீற்றருக்கு 60 எல்ஈடி, இரண்டு பக்கமும் தெரிய முதுகோடு முதுகாக இரண்டு பட்டி. பக்கத்துக்கு 45, மொத்தம் 90. முழு வெள்ளையில் 5.4 அம்பியர்! பிடிக்குள் அடங்கும் ஒற்றைப் பற்றரியிடம் இதைக் கேட்கக் கூடாது. அதே வாள் சிவப்பு மட்டும் எரிந்தால் 1.8 அம்பியர். புரோகிராமில் உச்சப் பிரகாசம் 255, அதை 80 ஆகக் குறைத்தால் 0.57 அம்பியர்தான். இருட்டு மேடைக்கு அந்த 80 தாராளம்.

மீற்றருக்கு 144 எல்ஈடி உள்ள பட்டி கண்ணைப் பறிக்கும், ஆனால் ஒரு மீற்றர் முழு வெள்ளையில் 8.64 அம்பியர் இழுக்கும். முதல் வாளுக்கு 60 போதும்.

பற்றரி எது? 9 வோல்ற் சதுரப் பற்றரி போடலாமா?

சதுரப் பற்றரி வேண்டாம். வோல்ற் பெரிதாகத் தெரிந்தாலும் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி அம்பியர்-மணிதான். உள்தடையும் அதிகம். அரை அம்பியர் கேட்டவுடனே வோல்ற் சரியும், பற்றரி சுடும், சில நிமிடத்தில் வாள் மங்கும். காசு வடிவப் பற்றரியோ இன்னும் மோசம். பிடியில் ஒரு ஒற்றை எல்ஈடி மணிக்கல் எரியவைக்க மட்டுமே அது உதவும்.

பேனாப் பற்றரி மூன்று தொடராக வைத்தால் 4.5 வோல்ற். 5 வோல்ற் பட்டி சற்று மங்கலாக எரியும், பிள்ளைகளின் வாளுக்கு இது மிகவும் பாதுகாப்பான வழி. நான்கு போட்டால் இன்னும் நன்றாக எரியுமே என்று நினைக்காதீர்கள். புதுப் பற்றரி நான்கு 6 வோல்ற்றைத் தாண்டும், டபிள்யூஎஸ்2812பி தாங்குவது 5.3 வோல்ற் வரை. திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் வகை என்றால் ஒன்று 1.2 வோல்ற்தான், அதனால் நான்கு போடலாம்.

சார்ஜ் செய்யும் வாள் வேண்டும், ஆனால் ஈயம் உருக்கிப் பற்றாசு பிடிக்கப் பயம் என்பவர்களுக்கு எங்கள் பதில் உருளை வடிவச் சின்னப் பவர் பாங். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு 18650 கலமும், சார்ஜ் பகுதியும், பாதுகாப்பும், 5 வோல்ற்றுக்கு உயர்த்தும் பகுதியும். நீங்கள் தனித்தனியாக வாங்கி இணைக்க வேண்டிய நான்கும் ஒரே கூட்டுக்குள் கிடைக்கிறது. யூஎஸ்பி பட்டியை நேரே செருகினால் வாள் தயார்.

அடுத்த படி தனி 18650. பெயரளவில் 3.7 வோல்ற், முழுச் சார்ஜில் 4.2, 3.0க்குக் கீழே இறக்காமல் விட்டால் நீண்ட நாள் உழைக்கும். எடை 45 கிராம் அளவில். மேலே கணக்கிட்ட 0.57 அம்பியர் வாளுக்கு 2600 மில்லி அம்பியர்-மணிக் கலம் ஒன்று, உயர்த்தும் பலகை இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால், நான்கு மணி நேரம் தாங்கும். ஒத்திகைக்கும் மேடைக்கும் அதுவே மிச்சம்.

கடையில் "9900" என்று போட்ட 18650 மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம், அது பொய் எண். அந்த அளவுக் கலத்துக்குள் இன்றைக்கு நல்ல கம்பனிகள் அடக்குவது 3500 சொச்சம் மில்லி அம்பியர்-மணிதான். பெரிய எண் போட்டிருப்பவற்றைக் கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். 2000 முதல் 3000 வரை நேர்மையாகப் போட்டிருக்கும் கலத்தை வாங்குங்கள்.

பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து 18650 எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்வதானால் உலோகத் தகட்டைப் பற்றரியின் ஓரத்தில் முட்டவிடாமல் பிரியுங்கள். 2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் கலம், தோல் கிழிந்தது, கறள் பிடித்தது, சார்ஜில் சுடுவது எதையும் வாளில் போடாதீர்கள். பிள்ளையின் கைக்குள் இருக்கப்போகும் சாமான் அது. 18650 மேல் நேரே பற்றாசு பிடிப்பதும் கூடாது. அந்த வெப்பம் உள்ளே இருக்கும் அடைப்பு வளையத்தைக் கெடுக்கும். கூடு ஒன்று வாங்கினால் பிரச்சினை இல்லை.

பவர் பாங் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஏன்?

இழுக்கும் ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால், "போன் நிரம்பிவிட்டது" என்று பவர் பாங் முடிவெடுத்து நிறுத்திவிடும். பொதுவாக 50 முதல் 100 மில்லி அம்பியருக்குக் கீழே போனால் இப்படி நடக்கும். நாலைந்து எல்ஈடி மட்டும் எரியும் குறுவாளில் இதைக் காணலாம். 5 வோல்ற் வயர்களுக்குக் குறுக்கே 47 ஓம், 1 வாற் தடையி ஒன்று போட்டால் அதுவே 106 மில்லி அம்பியர் இழுத்து விழித்திருக்கச் செய்யும். அது அரை வாற்றுக்கு மேல் சூடாகும், போமில் படாமல் வையுங்கள்.

சார்ஜ் பலகையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ரீபி4056 சிப் உள்ள சின்ன நீலப் பலகைதான் வழக்கம். இரண்டு வகை உண்டு. நான்கு பற்றாசுத் திட்டுகள் உள்ளதில் பாதுகாப்பு இல்லை. பற்றரிக்கு இரண்டும் வெளியே போக இரண்டும், யூஎஸ்பி பக்கம் இரண்டுமாக ஆறு உள்ளதையே வாங்குங்கள். அதில் இருக்கும் இன்னொரு சிப், கலம் 2.4 வோல்ற் அளவுக்கு இறங்கினாலோ வயர்கள் முட்டினாலோ துண்டித்துவிடும்.

பற்றரியை மாறிப் போட்டால் இந்தப் பலகை அந்த நொடியே புகைந்துவிடும், தப்ப வழியில்லை. கூட்டின் இரு முனையிலும் சிவப்பு, கறுப்பு நெயில் பொலிஷால் குறியிடுங்கள். பலகை வந்தபடியே 1 அம்பியரில் சார்ஜ் செய்யும், 18650க்கு அது சரி. 400, 500 மில்லி அம்பியர்-மணித் தட்டைப் பற்றரிக்கு அது அதிகம். பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் தடையியை எடுத்து 3 கிலோ ஓம் போட்டால் 400 மில்லி அம்பியராகக் குறையும். சார்ஜ் ஏறும்போது வாளை அணைத்தே வையுங்கள். எரிந்துகொண்டிருந்தால் எப்போது நிரம்பியது என்று பலகைக்குத் தெரியாது.

வோல்ற் உயர்த்தும் பலகை கட்டாயமா?

இல்லை. சிவப்பு வாளுக்குத் தேவையே இல்லை. சிவப்பு எல்ஈடி 2 வோல்ற்றில் எரியும், ஆகவே 3.7 வோல்ற் கலத்தில் கடைசிவரை நன்றாக இருக்கும். நீலம், பச்சை, வெள்ளைக்கு 3 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். கலம் 3.5க்கு இறங்கும்போது அவை மங்கும். வெள்ளை என்று போட்டது மஞ்சளாகி, நுனிப்பக்கம் சிவக்கத் தொடங்கும். நீல வாளோ வெள்ளை வாளோ என்றால் எம்ரி3608 பலகையைப் போடுங்கள்.

அதை வாங்கியவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று. பட்டியை இணைத்துவிட்டு, வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் திருப்புவது. அந்தப் பலகை 28 வோல்ற் வரை கொடுக்கக்கூடியது. கடையிலிருந்து வரும்போது எதில் வைத்திருப்பார்களோ தெரியாது. பட்டி இல்லாமல், வெளியீட்டில் வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரை வைத்து, 5.0 வரும்வரை திருப்புங்கள். பல சுற்றுச் சுற்றவேண்டி இருக்கலாம். பிறகு ஒரு சொட்டு நெயில் பொலிஷ் விட்டு அசையாமல் செய்யுங்கள். தொடர்ந்து 1 அம்பியருக்கு மேல் அதிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, 5 வோல்ற்றில் 1 அம்பியர் வெளியே போனால் பற்றரியிலிருந்தும் 1 அம்பியர்தான் வருகிறது என்று நினைக்கக் கூடாது. பலகையின் வினைத்திறன் 85 வீதம் என்று வைத்தால், 3.5 வோல்ற்றில் இருக்கும் கலம் 1.7 அம்பியர் கொடுக்கிறது. நேரத்தைக் கணக்கிடும்போது இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

தடையி எங்கே தேவை?

பட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. பிடியில் மணிக்கல்போல் ஒற்றை 5 மிமீ எல்ஈடி வைத்தால் அதற்குத் தனியாக வேண்டும். சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதிதான். பற்றரி வோல்ற்றிலிருந்து எல்ஈடி வோல்ற்றைக் கழித்து, அம்பியரால் வகுங்கள். 5 வோல்ற்றில் சிவப்பு எல்ஈடி, 15 மில்லி அம்பியர்: 3ஐ 0.015ஆல் வகுத்தால் 200 ஓம். கடையில் 220 கேளுங்கள், நிறம் சிவப்பு, சிவப்பு, மண்ணிறம். 18650இல் நேரே நீல எல்ஈடி என்றால் 4.2இலிருந்து 3.1 போக 1.1, அதற்கு 73 ஓம் வரும், 82 அல்லது 100 போடலாம்.

நாலைந்து எல்ஈடியைச் சமாந்தரமாகக் கட்டி எல்லாவற்றுக்கும் ஒரே தடையி போடாதீர்கள். எந்த இரண்டு எல்ஈடியும் ஒரே வோல்ற்றில் எரிவதில்லை. குறைந்த வோல்ற்றில் எரிவது அதிக ஓட்டத்தை இழுத்து முதலில் போகும், பிறகு அடுத்தது.

ஆர்டுயினோ எது வாங்குவது?

புரோகிராம் பழக்கம் இல்லாதவர்களுக்கு நானோ. உதவி தேடினால் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். மலிவான நானோக்களில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும், கணினியில் அதற்கான டிரைவர் மென்பொருளைப் போடவேண்டும். புரோகிராம் ஏற மறுத்தால் ஆர்டுயினோ மென்பொருளின் புரொசெசர் தெரிவை "ஓல்ட் பூட்லோடர்" என்று மாற்றிப் பாருங்கள், பாதிப் பேரின் பிரச்சினை அதோடு தீரும்.

5 வோல்ற்றை நானோவில் 5வி என்று எழுதிய காலில் (இணைப்பு முனையில்) கொடுங்கள், வின் என்று எழுதியதில் அல்ல. பட்டிக்கான மின்னை நானோவிலிருந்து எடுக்கவும் கூடாது. உயர்த்தும் பலகையிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி வயர் போகட்டும். உயர்த்தும் பலகை இல்லாமல் கலத்தில் நேரே ஓட்டும் சிவப்பு வாளுக்கு 3.3 வோல்ற், 8 மெகாஹேட்ஸ் புரோ மினி என்ற இன்னொரு ஆர்டுயினோ பொருத்தம். நானோ 16 மெகாஹேட்ஸில் ஓடுவதற்கு ஏறத்தாழ 3.8 வோல்ற்றாவது வேண்டும் என்பது அதன் சிப்பின் விதி, கலம் அதற்குக் கீழே இறங்கிவிடும்.

இரண்டு பட்டியையும் தொடராக இணைக்கத் தேவையில்லை. எந்த எல்ஈடி எந்த நிறம் என்று செய்தி போகும் தரவு முனை இரண்டையும் நானோவின் ஒரே காலில், ஒவ்வொன்றுக்கும் ஒரு 330 ஓம் தடையி ஊடாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி எரியும். புரோகிராமில் 45 எல்ஈடி என்று எழுதினால் போதும். புரோகிராமில் சேர்க்கும் ஃபாஸ்ட்எல்ஈடி என்ற ஆயத்த நிரலகத்தில் மொத்த ஓட்டத்துக்கு உச்சவரம்பு போடும் கட்டளை உண்டு. ஆனால் அது அறிந்தது 45 எல்ஈடியைத்தான். 1000 மில்லி அம்பியர் வரம்பு வேண்டுமென்றால் 500 என்று எழுதுங்கள்.

பட்டி எரியவில்லை, அல்லது கண்டபடி நிறம் காட்டுகிறது. எங்கே பிழை?

முதலில் அம்புக்குறியைப் பாருங்கள். தரவு அம்பின் பின்பக்கத்தால் உள்ளே போகவேண்டும், மறுமுனையில் கொடுத்தால் ஒன்றும் எரியாது. அடுத்தது மறை (−) வயர். பட்டியின் மறையும் நானோவின் மறையும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால்தான் இந்தப் பேயாட்டம் வரும். சிவப்புக் கேட்டால் பச்சை வருகிறதா? அது பழுதே அல்ல. இந்தப் பட்டிகளின் நிற வரிசை பச்சை, சிவப்பு, நீலம், புரோகிராமில் வரிசையை மாற்றினால் சரி.

5 வோல்ற் பட்டிக்கு 3.3 வோல்ற் பலகையிலிருந்து தரவு கொடுத்தாலும் தடுமாறும். பட்டி தனது வோல்ற்றில் பத்துக்கு ஏழு பங்கையாவது, அதாவது 3.5ஐ எதிர்பார்க்கிறது. பட்டியைக் கலத்தில் நேரே ஓட்டினால் 4.2இல் பத்துக்கு ஏழு 2.94தான், அப்போது 3.3 போதும். இவை எதுவும் இல்லாமல் முதலாவது எல்ஈடியிலிருந்தே ஒன்றும் எரியவில்லை என்றால், அந்த முதலாவது செத்திருக்கும். அதை வெட்டியெறிந்து இரண்டாவதிலிருந்து இணைத்துப் பாருங்கள்.

எந்தச் சுவிச்?

பலகைகளில் வரும் குட்டி வழுக்குச் சுவிச் அரை அம்பியருக்கானது. 0.9 அம்பியர் வாளில் சில நாளில் உள்ளே கருகி, அழுத்தினால்தான் எரியும் நிலைக்கு வரும். 12 அல்லது 16 மிமீ துளைக்குள் பொருந்தும், அழுத்தினால் நிற்கும் வகைப் பொத்தான் வாங்குங்கள், 2 அம்பியராவது தாங்கவேண்டும். ஆடும்போது விரல் தவறிப்படாத இடத்தில், கைக்காப்புக்கு அடியில் வையுங்கள்.

புரோகிராமால் மட்டும் அணைத்துவிட்டு வாளைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். டபிள்யூஎஸ்2812பி கறுப்பாக இருக்கும்போதும் ஒவ்வொன்றும் 1 மில்லி அம்பியருக்குச் சற்றுக் குறைய இழுக்கும். 90 எல்ஈடிக்கு 80 அளவில் வைத்தால், 2600 கலம் ஒன்றரை நாளில் காலி. நாடகத்தன்று காலையில் திறந்தால் வாள் எரியாது.

வயரும் பற்றாசும்?

பல இழை வயர் மட்டும். வீட்டு வயரிங் துண்டும் நெற்வேர்க் கேபிளின் ஒற்றைக் கம்பியும் வளைந்து வளைந்து அறுந்துவிடும். மின்னுக்கு 22 கேஜ், தரவுக்கு 28 கேஜ் போதும். ஒரு மீற்றர் போய் ஒரு மீற்றர் திரும்பும் வயரில் 1.5 அம்பியர் ஓடினால் 22 கேஜில் 0.16 வோல்ற் இழப்பு, 28 கேஜில் 0.64. நுனி மங்குவதற்கு இதுதான் காரணம். பட்டியின் நுனியிலும் மின் வயர் ஒன்றைக் கொண்டுபோய் இணைத்தால் ஒளி சமப்படும்.

0.8 மிமீ, உள்ளே றெசின் உள்ள ஈயம் கேளுங்கள். தகரம் ஒட்டும் அமிலப் பசை வேண்டாம், அது செம்பைத் தின்னும். பட்டியின் திட்டு மெல்லியது. மூன்று நொடிக்கு மேல் காய்ச்சினால் கழன்றுவரும். முதலில் வயருக்கும் திட்டுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்துத் தொட்டால் ஒரு நொடியில் பிடிக்கும்.

வீசும்போது அணைந்து அணைந்து எரிகிறது.

பற்றரிக் கூட்டைத் திருப்பி வையுங்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடும். வாளை வீசினால் கலம் நுனிப்பக்கம் தள்ளப்படும். கூட்டிலுள்ள சுருள் (ஸ்பிரிங்) நுனிப்பக்கம் இருந்தால் கலம் அதை அமுக்கி, மறுமுனையில் தொடுகை விடுபடும். சுருள் கைப்பிடியின் அடிப்பக்கம் இருக்கட்டும். அப்போது கலம் உறுதியான தகட்டில் அழுந்தி நிற்கும், சுருள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

மின்னைச் சிறிது தேக்கிவைக்கும் 1000 மைக்ரோஃபரட் கொள்ளளவி போட்டால் இது தீரும் என்பார்கள். பட்டிக்குக் குறுக்கே அதைப் போடுவது நல்லதுதான், ஆனால் அது சுவிச் போடும்போது வரும் திடீர் வோல்ற் எழுச்சியைத் தாங்கத்தான். அரை அம்பியர் ஓடும் வாளில் அது 2 மில்லி செக்கன் கழிவதற்குள் 1 வோல்ற் இறங்கிவிடும். அதற்கு மேலும் எரிகிறது அணைகிறது என்றால், அலகும் பிடியும் சேரும் இடத்தில் வயரைப் பாருங்கள். அந்த இடத்தில்தான் அறும். இரண்டு சென்ரிமீற்றர் தளர்வு விட்டு, பற்றாசுக்குச் சற்றுத் தள்ளி வயரைக் கட்டுங்கள், இழுவை பற்றாசில் விழாது.

அலகுக்கு என்ன குழாய்?

மோதும் வாளுக்குப் பொலிகாபனேற். அக்கிரிலிக் உடைந்தால் கத்தி முனையாக உடையும், மேடையில் அது வேண்டாம். மோதாத வாளுக்கு வயரிங் செய்யும் வெள்ளைக் கொண்டியூற் குழாயும் உதவும். எல்லாக் கம்பனிக் குழாயும் ஒளியை விடாது. கடையிலேயே போன் ரோர்ச்சை ஒரு முனையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே எல்ஈடி புள்ளிகளை மறைக்க, சாமான் சுற்றிவரும் மெல்லிய வெள்ளைப் போம் தாளை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நடுவில் பட்டியை ஒட்ட மெல்லிய மூங்கில் சிம்பு நல்லது, நிமிர்ந்து நிற்கும், மின் கடத்தாது. அலுமினியம் வைத்தால் வெட்டிய பட்டி முனை முட்டாமல் ரேப் சுற்றவேண்டும்.

சத்தமும் வேண்டும் என்றால்?

முதல் வாளில் வேண்டாம். அடுத்ததற்கு டிஎஃப் பிளேயர் மினி பலகை. 32 ஜிபி வரையான மெமரி காட், 3 வாற் வரையான சின்ன ஸ்பீக்கர், தரவு வயரில் 1 கிலோ ஓம் தடையி. அந்தத் தடையி இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும்.

யாழ்ப்பாணத்தில் சாமான் எடுக்கலாமா?

எல்ஈடி பட்டி, சுவிச், கொண்டியூற், வயர் எல்லாம் நகரத்து மின்சாதனக் கடைகளிலேயே கிடைக்கும். ரிவி, ரேடியோ திருத்தும் கடைகளில் தடையி, கொள்ளளவி, நல்ல ஈயம் கேளுங்கள். சில்லறையாகத் தருவார்கள். நானோ, சார்ஜ் பலகை, டபிள்யூஎஸ்2812பி போன்றவை உள்ளூரில் அகப்படாவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம், அல்லது இணையத்தில் எடுக்கலாம். லித்தியம் கலத்தை விமானத் தபாலில் வெளிநாட்டிலிருந்து எதிர்பார்த்து இருக்காதீர்கள். கட்டுப்பாடு அதிகம். அதை இங்கேயே பார்த்து வாங்குங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னரே ஓடர் கொடுங்கள். நானோவும் சார்ஜ் பலகையும் இரண்டிரண்டு எடுங்கள், இரண்டும் மலிவு, இரண்டும் பழகும்போது எரிபவை.

உப்புக்காற்றும் வெயிலும் என்ன செய்யும்?

கடற்கரைப் பக்கத்து ஊர்களில் திறந்த பற்றாசும் பற்றரிக் கூட்டின் சுருளும் சில மாதத்தில் பச்சை பூக்கும். பற்றாசுகளை வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். கூட்டின் தொடுகைகளை அவ்வப்போது அழிறப்பரால் தேயுங்கள். சூட்டுப்பசையால் மட்டும் ஒட்டிய வாளைச் சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் விட்டால் பசை இளகிப் பட்டி கழன்றுவிழும். பற்றரிக்கும் அந்தச் சூடு ஆகாது, கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

பிள்ளைகள் சண்டைக் காட்சியில் பிடிக்கலாமா?

லித்தியம் கலம் உள்ள வாளால் அடிபட விடாதீர்கள். உருவும் காட்சிக்கு ஒளிரும் வாள், மோதும் காட்சிக்கு அதே வடிவில் மரவாள் என்று இரண்டு செய்யுங்கள். விளக்கு மாறும் நேரத்தில் கைமாற்றலாம். சார்ஜ் போடுவது பெரியவர் பார்த்திருக்க, சீமெந்துத் தரையில். கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ கட்டிலிலோ வேண்டாம். கலம் வீங்கினாலோ கை வைக்க முடியாமல் சுட்டாலோ வெளியே மணலில் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

மேடை ஏறுமுன் எதைச் சோதிப்பது?

முதல் நாள் இரவு முழுச் சார்ஜ் போட்டு, மல்ரிமீற்றரில் கலம் 4.1க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். மீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர்த் துளையில் கிடக்க, பற்றரியில் தொட்டுவிடாதீர்கள். அது நேரடி முட்டு. பிறகு நிகழ்ச்சி நேரத்தைப்போல் இரண்டு மடங்கு எரியவிட்டு, சுவிச், உயர்த்தும் பலகை, பற்றரி மூன்றையும் கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. ஐந்து செக்கன் பிடிக்க முடியாத சூடு என்றால் பிரகாசத்தைக் குறையுங்கள். திரும்பச் சார்ஜ் ஏற்றி, வேகமாக இருபது தடவை வீசிப்பாருங்கள். மாற்றுக் கலம் ஒன்றும், பிடியைத் திறக்கும் திருகுளியும் உடை மாற்றும் அறையில் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.